கரட்டுக்கு அக்கட்டால

போன வாரம் சுரேந்தருக்கு இரண்டு வருடம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது. எங்கள் பனியன் கம்பெனியில் அன்றைக்கு முழுக்க அனுசுயாவைப் பற்றித்தான் பேச்சு. "பாவம், வாயில்லாப் பூச்சி, சாமிதான் அதுக்கு நியாயம் வாங்கிக் குடுத்துச்சு" என்று செக்கிங் டேபிளில் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அனுசுயா வாயில்லாப் பூச்சியும் இல்லை. ஒரு மனுசனை எப்படி உள்ளே தள்ளுவது என்று சோற்றைப் பிசையும்போதும் யோசித்தவள் அவள். அப்படி யோசிக்காமல் இருந்திருந்தால் நான்தான் அவளோடு பேசுவதை நிறுத்தியிருப்பேன்.

நான் தேவிப்பிரியா. சேவூர்க்காரி. கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் கோபத்தைப் பற்றி என் லைனில் இருக்கிற நாற்பது டெய்லர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அனுசுயா தூத்துக்குடிப் பக்கம். பத்தொன்பது வயதில் ஒரு பையோடு ஆஸ்டலில் வந்து இறங்கினாள். ஹெல்ப்பராகச் சேர்ந்து, டெய்லராகி, கடைசியில் ஸ்கேனிங்குக்கு வந்தாள். வெட்டின துணிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நம்பர் சீட்டு போட்டுத்தான் லைனுக்கு அனுப்புவோம். எந்த மெசினுக்குப் போனாலும் அந்தச் சீட்டை ஸ்கேன் பண்ண வேண்டும். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரமாக நகராமல் கிடக்கிறது என்பதெல்லாம் திரையில் தெரியும். அனுசுயா அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபிறகு எங்கள் லைனில் ஒரு காலர் பட்டைகூடக் காணாமல் போனதில்லை. "பதினேழாம் நம்பர் கட்டு பாத்ரூம் போன டெய்லர் ஸ்டூலுக்கு அடியில கெடக்கு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவாள். போய்ப் பார்த்தால் கிடக்கும்.

கட்டிங் மாஸ்டர் மயில்சாமியை விரும்பிக் கல்யாணம் செய்தாள். அவர் காரைமடுவு அணைக்கு மேற்குக் கரையில் உள்ள ஊர்க்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். கத்தரி பிடிக்கிற கையால் கோலம்கூடப் போடுவார். இரண்டு பேருக்கும் பேச்சில்தான் ஓயாத வம்பு. அவள் "அவுக", "இவுக" என்பாள், அவர் "ஏனுங்", "ஊட்டுக்கு" என்பார். அவர் அடிக்கடி சொல்லுகிற ஒரு வார்த்தை அவளுக்குப் பிடிபடவே இல்லை.

"சாவி எங்க வச்சிய?"

"பீரோவுக்கு அக்கட்டால இருக்குதுங்க."

"அதென்ன அக்கட்டால? ஒங்க அக்கா கட்டுனதா?"

"அக்கட்டாலன்னா அந்தப் பக்கமுங்க அம்மிணி. இக்கட்டாலன்னா இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்னு பேரச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே இப்படி அடித்துக்கொள்வார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்போம். அந்த வார்த்தைதான் பின்னால் அவர் உயிரைக் குடித்தது.

முந்தா வருடம் ஆடிப் பதினெட்டு. ஆடி நோம்பிக்குத் தண்ணியைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கம்பெனி லீவு விட்டது. நாற்பது பேர் ஒரு பஸ் பிடித்துக் காரைமடுவு அணைக்குப் போனோம். ஏற்பாடு முழுக்க என்னுடையது. படகுக்கு டோக்கன் எடுத்ததும் நான்தான். இதை நான் மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

அணையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படகுத்துறை தெற்குக் கரையில். நட்ட நடுத் தண்ணியில் ஒரு கரடு, பாறையும் முள்ளுமாக ஒரு குன்று. கரட்டுக்குப் பின்னால் தண்ணி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை மேற்கே போகிறது, ஒரு கை கிழக்கே போகிறது. துறையில் நின்றால் இரண்டுமே தெரியாது. கரட்டுக்கு முன்னால் சிவப்பு மிதவை வரிசை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் படகு போகக் கூடாது என்று போர்டும் இருந்தது. சுரேந்தர்தான் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவன். துறைக்குக் கிழக்கே இருக்கிற ஊர்க்காரன். வெள்ளைச் சட்டை, எல்லோருக்கும் கும்பிடு, வாய்க்கு வாய் "வாங்க அம்மிணி". எங்கள் ஊர் ஆள் ஒருத்தன் அளவுக்கு மேல் மரியாதை கொடுத்தால் கொஞ்சம் உசாராக இருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மயில்சாமியும் நாலு டெய்லர்களும் ஏறின படகைக் கதிர்வேல் ஓட்டினான். அனுசுயாவுக்கு வெயிலில் தலைவலி. என்னோடு துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று படகு மிதவையைத் தாண்டிக் கரட்டுக்குப் பின்னால் கொக்கு பார்க்கப் போயிருக்கிறது. சுரேந்தர்தான் கையாட்டி அனுப்பினான். அங்கே இஞ்சின் நின்றுவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒரு ஃபைபர் படகு எந்த மூலைக்கு. பக்கவாட்டில் அலை அடித்துக் கவிழ்ந்தது.

நாலு மணி எட்டு நிமிடத்துக்கு அனுசுயாவின் போனுக்கு மயில்சாமி கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அனு, போட்டு கவுந்துருச்சு. புடிச்சுட்டிருக்கறோம். கரட்டுக்கு அக்கட்டால..."

அவ்வளவுதான். போன் நனைந்துவிட்டது.

அவள் சுரேந்தரைப் பார்த்து, "அக்கட்டாலன்னா எங்கண்ணே? எங்க இருக்காவ?" என்றாள். சுரேந்தர் கையை மேற்கே நீட்டினான். கிழக்கே பிறந்து கிழக்கே வளர்ந்தவனுக்கு அக்கட்டு என்றால் மேற்குதான். அனுசுயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே, எனக்குத் தெரியும் என்று நம்பினாள். நான் தலையாட்டினேன்.

மீட்புப் படகு மேற்குக் கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முள்ளையும் பாறையையும் தேடியது. கிழக்குக் கையில் ஐந்து பேர் உருண்ட படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் மயில்சாமி. லைஃப் ஜாக்கெட் ஐந்துதான் இருந்தது. வேண்டாம் என்று சொன்னவர் அவர். "ஆறு மணி வரைக்கும் பேசிட்டே இருந்தாருங்க" என்று கதிர்வேல் பின்னால் சொன்னான். "இப்ப வந்துருவாங்க, அனு சொல்லியிருப்பான்னு சொல்லிட்டே இருந்தாருங்க. பொறவு கை மரத்துப்போச்சு." படகு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் விசயம் விளங்கியது. மயில்சாமியின் அம்மா, தன் வீட்டு வாசலில் நின்று அணையைப் பார்த்து, "எம் பையனுக்கு அக்கட்டுன்னா கெழக்கு சாமி. இங்கிருந்து பாத்தா அதானே அக்கட்டு. கொழந்தையிலிருந்து அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார். மேற்குக் கரையில் பிறந்தவன் சாகிற நேரத்திலும் தன் வீட்டு வாசலில் நின்றுதான் பக்கம் சொல்லியிருக்கிறான். அனுசுயா அழவில்லை. "நாலு வருசம் அவுககூட இருந்தேன். அந்த ஒரு வார்த்தையக் கேலி பண்ணேனே தவிர கத்துக்கிடல" என்றாள். நான் அந்த இடத்திலேயே செத்திருக்கலாம்.

இது விதி என்று நாங்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அது விதி இல்லை என்று சொன்னவர் ஜெபக்குமார். அனுசுயாவின் ஊர்க்காரர், எங்கள் அயர்னிங் செக்சனில் வேலை. அதற்கு முன் எட்டு வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். துக்கத்துக்கு வந்தவர் ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, அந்தப் போட்டுல டிராக்கர் எதுவும் வைக்கலியா?"

அனுசுயா நிமிர்ந்தாள்.

"கடல்ல எங்க போட்டுல ஒரு பொட்டி வச்சிருப்போம். கரையில இருந்து எத்தன மைல் தள்ளிக் கெடந்தாலும், போட்டு எங்க நிக்கின்னு கரையில திரையில தெரியும். ஆபத்துன்னா ஒரு பட்டன அமுக்கினா போதும். வாயால சொல்ல வேண்டிய வேலையே இல்ல. இது ஒரு கொளம். இதுல தீப்பெட்டி அளவு கருவி போதும், போன்ல போடுத சிம்மே அதுலயும் வேல செய்யும். நீங்க எல்லாரும் அவுக வார்த்தையத் தேடிப் போனிய. புள்ளியத் தேடிப் போயிருக்கணும்."

அப்போதுதான் அங்கே நின்றிருந்த கதிர்வேல் வாயைத் திறந்தான். "அந்தக் கருவி வாங்கியிருக்குதுங்க. குத்தகை விதியிலேயே இருக்குதுங்க, எல்லாப் போட்டுக்கும் மாட்டோணும்னு. ஆறு கருவியும் ஆபீஸ் மேசை டிராயர்ல கெடக்குது. பொட்டியக் கூடப் பிரிக்கல. மாட்டினா, போட்டு மிதவையத் தாண்டறது அணை ஆபீசருக்குத் தெரிஞ்சு போகுமில்லீங்களா."

அனுசுயா எழுந்து போய்க் கை கழுவினாள். அன்றைக்குத்தான் அவளுக்கு எதிரி என்று ஒருத்தன் கிடைத்தான். காற்றையும் தண்ணியையும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைச் சட்டை போட்டவனைச் செய்யலாம்.

போலீசில் எழுதிக் கொடுத்தாள். கேஸ் பதிவானது. சுரேந்தர் ஜாமீனில் வெளியே வந்தான். அவன் வக்கீல் கெட்டிக்காரர். "டிராயரில் கருவி இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காற்றில், அந்த அலையில், கருவி மாட்டியிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் யாரும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இது இயற்கையின் செயல்" என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். சுரேந்தர் வெளியே வந்து அனுசுயாவுக்கும் ஒரு கும்பிடு போட்டான். "வெசனப்படாதீங்க அம்மிணி. ஆண்டவன் கணக்கு" என்றான். எனக்குச் செருப்பைக் கழற்றலாம் என்று இருந்தது. அனுசுயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றாள்.

ஏழு மாதம் அணையில் படகு ஓடவில்லை. பிறகு நிபந்தனை போட்டுத் திறந்தார்கள். குத்தகை சுரேந்தரின் மனைவி பெயருக்கு மாறியிருந்தது. எல்லாப் படகிலும் டிராக்கர், மீட்புப் படகு ஒன்று எப்போதும் தயார், ஒரு கட்டுப்பாட்டு அறை, அதில் திரையைப் பார்க்கிற ஆள் குத்தகைதாரர் ஆளாக இருக்கக் கூடாது, பக்கத்து மகளிர் குழுவிலிருந்து வர வேண்டும். அனுசுயா கம்பெனி வேலையை விட்டாள். மாமியார் ஊருக்கே குடி போனாள், அங்கே உள்ள குழுவில் சேர்ந்தாள், திரை வேலை தெரிந்தவர் யார் என்று கேட்டபோது எழுந்து நின்றாள். அவளை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

"புருசன் செத்த தண்ணிக்குப் பக்கத்துலயே போய் உக்காந்துட்டா பாரு, என்ன பாசம்" என்று கம்பெனியில் உருகினார்கள். பாசமாவது மண்ணாவது. நரி வளைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன்.

திரையில் அணையின் படம். ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை நகரும். மிதவை வரிசை சிவப்புக் கோடு. எந்தப் புள்ளியாவது கோட்டைத் தொட்டால் கீச்சென்று சத்தம் வரும். அனுசுயா உடனே வாக்கிடாக்கியில் படகோட்டியின் பெயரைச் சொல்லித் திருப்பச் சொல்லுவாள். திருப்பாவிட்டால் நேரத்தோடு ஆபீசருக்கு எழுதுவாள். முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை எழுதினாள். மூன்று தடவை படகை நிறுத்தி வைத்தார்கள். அதே திரையில் ஒரு தடவை குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தின் படகு நகராமல் நிற்பதைப் பார்த்து, அவர்கள் பயந்து கத்துவதற்கு முன்பே மீட்புப் படகை அனுப்பினாள். அவர்கள் அறைக்கு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். அனுசுயா அந்த டப்பாவைத் திறக்கவில்லை. அவள் வந்தது அதற்கு இல்லை.

சுரேந்தர் சும்மா இருப்பானா. தன் ஒறம்பரைகள், சொந்தபந்தங்கள் வந்தால் தானே படகை ஓட்டிக்கொண்டு போவான். கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் அவன் புள்ளி மட்டும் பொசுக்கென்று மறைந்துவிடும். அரை மணி கழித்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் முளைக்கும். கருவியின் வயரைப் பிடுங்கிவிடுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதினாள். "சிக்னல் கிடைக்கலீங்க, கரடு மறைக்குது" என்று அவன் பதில் எழுதினான்.

அப்புறம்தான் அவள் லைஃப் ஜாக்கெட்டுகளைத் தைக்கக் கேட்டாள். கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகளை மகளிர் குழு சார்பில் இலவசமாகத் தைத்துத் தருகிறோம் என்றதும் சுரேந்தர் வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டான். ஜெபக்குமார் தேடிப் பிடித்துக் கொடுத்த, தண்ணி புகாத நாலு குட்டிக் கருவிகளை, பனியனில் சைஸ் லேபிள் வைக்கிற இடத்தில், கழுத்துப் பட்டைக்குள் வைத்துத் தைத்தாள். நம்பர் டேப்பும் வைத்தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. பதினொன்றும் பன்னிரண்டும் சின்ன சைஸ். நான் அவள் வீட்டில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தேன். ஆபீசரிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான் செய்தாள். ஆனால் யாரையும் காப்பாற்ற அவள் அதைத் தைக்கவில்லை. அவனை மாட்டிவிடத் தைத்தாள். அவன் ஒறம்பரை வருகிற நாளில் அந்த நாலு ஜாக்கெட்டும் குவியலில் மேலே இருக்கும்.

போன வருடம் ஆடிப் பதினெட்டு. மயில்சாமி போய் ஒரு வருடம். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அனுசுயா வேலைக்கு வந்துவிட்டாள். நானும் வந்தேன். கூட்டம் தேர்க்கூட்டம். மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. அனுசுயா எல்லாப் படகையும் கரைக்கு வரச் சொன்னாள். சுரேந்தர் மட்டும் தன் மச்சினன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். மச்சினன், அவன் மனைவி, பத்து வயதில் ஒன்றும் ஏழு வயதில் ஒன்றுமாக இரண்டு பெண் குழந்தைகள். அவள் இறங்கிப் போய், "காத்து சரியில்ல, போட்டு எடுக்கக் கூடாது" என்றாள்.

"நீங்க பொட்டியப் பாருங்க அம்மிணி" என்றான் சிரித்துக்கொண்டு. "தண்ணிய நான் பாத்துக்கறேன்."

அவர்கள் நாலு பேரும் மேலே இருந்த நாலு ஜாக்கெட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவன் ஜாக்கெட் போடவில்லை. அவனுக்குச் சட்டை கசங்கிவிடும்.

கோட்டுக்குப் பக்கத்தில் படகின் புள்ளி மறைந்தது. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு நான்கும் கோட்டைத் தாண்டி, கரட்டைச் சுற்றி, மேற்குக் கைக்குள் போயின. அனுசுயா திரையைப் படம் எடுத்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். "மாட்டுனான்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நாலு புள்ளியும் நின்றன. அப்புறம் நான்கும் சேர்ந்து மெதுவாக, காற்று போகிற பக்கமே நகர ஆரம்பித்தன. இஞ்சின் ஓடுகிற படகு அப்படி நகராது. அனுசுயா, மீட்புப் படகை ஓட்டுகிற கதிர்வேலைக் கூப்பிட்டு அதைக் கிளப்பி வைக்கச் சொன்னாள். அடுத்த நொடி அறை போன் அடித்தது. நாலு மணி பதினேழு.

"அம்மிணி, போட்டு கவுந்துருச்சுங்க. கொழந்தைங்க இருக்குதுங்க. கரட்டுக்கு அக்கட்டாலங்க, அக்கட்டால..."

போன் அறுந்தது. முந்தா வருடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு மேற்கே கை நீட்டின சுரேந்தர், உயிர் போகிற நேரத்தில் அதே வார்த்தையைத்தான் சொன்னான்.

வாக்கிடாக்கியில் கதிர்வேல் கேட்டான். "எந்தப் பக்கமுங்க அக்கா?"

அனுசுயா வாக்கிடாக்கியைத் தொடவில்லை. மேற்கு என்று திரையில் அவளுக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. துறையில் நிற்கிற வேறு ஒருத்தருக்கும் தெரியாது. என் புருசன் பாசையில் அக்கட்டு என்றால் கிழக்கு, அதனால் கிழக்கே அனுப்பினேன் என்று அவள் சொன்னால் இந்த உலகத்தில் யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும். அவள் மனதில் அதுதான் ஓடுகிறது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் மனதிலும் ஓடியது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"கெழக்குன்னு சொல்லு" என்றேன்.

நான்தான் சொன்னேன். இரண்டு குழந்தைகள் தண்ணியில் இருக்கின்றன என்று தெரிந்தேதான் சொன்னேன். முந்தா வருடம் தப்பாக ஆட்டின தலை, அதற்குப் பதிலாக எதையாவது செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அனுசுயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தா வருடம் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்கா, எந்தப் பக்கமுங்க?" மறுபடியும் கதிர்வேல்.

அவள் திரையில் பதினொன்றின் மேல் விரலை வைத்தாள். "ரெண்டும் சின்ன சைஸு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"மேக்கு. கரட்டு மூக்கச் சுத்திப் போய் நேரா மேக்கு. கரையோரமாப் போவாத, பாறை இருக்கு. நான் சொல்லச் சொல்லத் திருப்பு."

அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. இன்னும் கொஞ்சம் வலது, இன்னும் கொஞ்சம், இப்ப நேரே, அம்பது அடியில இருக்காவ, இஞ்சினக் கொற. அலை கூரை உயரம் அடிக்கிறது, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கதிர்வேல் கத்தினான். "எனக்குத் தெரியுது, நீ போ" என்றாள். ஒன்பதாவது நிமிடம் அவன் குரல் வந்தது. "ஆப்புட்டுட்டாங்க அக்கா. அஞ்சு பேரும் இருக்கறாங்க."

ஜாக்கெட் போடாத சுரேந்தர் கவிழ்ந்த படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தானாம். இன்னும் கால் மணி நேரம் தாங்கியிருக்க மாட்டான் என்று கதிர்வேல் சொன்னான்.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் நடுங்கிக்கொண்டு வந்தன. அனுசுயா தன் துண்டை எடுத்து இரண்டுக்கும் தலை துவட்டிவிட்டாள். சுரேந்தர் ஈரச் சட்டையோடு அவள் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

"அம்மிணி, எனக்கு உசுரு குடுத்தீங்க."

"ஒமக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் அனுசுயா. "எனக்கு அந்த ஒம்பது நிமிசம் வேணும். அதத்தான் எடுத்துக்கிட்டேன். கோர்ட்டுக்கு நீரு உசுரோட வரணும். அதுக்குத்தான் கூட்டியாரச் சொன்னேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் வெளுத்தது. அதே ஆடி, அதே கரடு, அதே காற்று, அவன் வக்கீல் இரண்டு மணி நேரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்த அதே தண்ணி. ஒன்பது நிமிடம். அவன் மூச்சு விடுவதே இனி அவனுக்கு எதிரான சாட்சி. நான் அவன் முகத்தை ஆற அமர நின்று பார்த்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இந்த வருடம் கோர்ட்டில் அனுசுயாவின் முறை வந்தது. திரையில் எடுத்த படங்கள், வாக்கிடாக்கிப் பேச்சின் பதிவு, நேரங்கள், வேகம், காற்றின் கணக்கு எல்லாவற்றையும் ஆபீசர் முன்பே சமர்ப்பித்திருந்தார். கூண்டில் நின்று அவள் பஞ்சாயத்தே பண்ணவில்லை. முந்தா வருடம் நாலு எட்டுக்கு போன், ஆறு நாற்பதுக்குப் படகு போய்ச் சேர்ந்தது, கருவி டிராயரில். போன வருடம் நாலு பதினேழுக்கு போன், ஒன்பது நிமிடத்தில் படகு போய்ச் சேர்ந்தது, கருவி ஜாக்கெட்டில். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு மணி நேரக் கதை அங்கேயே செத்தது. சுரேந்தரின் மச்சினன் பின் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் சளைக்கவில்லை. காகிதத்தைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"போன் வந்தது நாலு பதினேழு ஐந்து வினாடி. நீங்க 'மேற்கு'னு சொன்னது நாலு பதினேழு நாற்பத்தைந்து. நடுவில் நாற்பது வினாடி. மீட்புப் படகு இஞ்சின் ஓடிட்டு இருந்தது, ஓட்டுநர் இரண்டு தடவை கேட்டிருக்கார், திரையில் புள்ளி உங்க கண் முன்னால் இருக்கு. அந்த நாற்பது வினாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

ஒரு பொய் சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டினேன். சிக்னல் மெதுவாக வந்தது என்று சொன்னால் முடிந்தது. அவன் சொன்ன அதே பொய்தான்.

"பக்கத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள் அனுசுயா. அந்தக் கூண்டில் அவள் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னாள்.

"அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அனுசுயா சுரேந்தரைப் பார்த்தாள். "இவரக் கொன்னுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நாப்பது வினாடி கொன்னேன். அதுக்கு மேல என்னால முடியல. இவரு அன்னைக்குப் பூரா கருவிய டிராயருக்குள்ளயே வச்சிருந்தாரு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதையும் பதிவு பண்ணணுமா அம்மா? நீங்க யோசிச்சுச் சொல்லலாம்" என்றார்.

"எழுதிக்கிடுங்கய்யா" என்றாள். "நேரத்தோட எழுதுங்க. என்னுது நாப்பது வினாடி. அவருது ரெண்டு மணி முப்பத்திரெண்டு நிமிசம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க."